லைட் எரியுது, லைன் இல்லை: ஸ்விட்ச் கோளாறை எங்கிருந்து தேடுறது?

தூத்துக்குடியில் "போர்ட்" என்றால் எல்லாருக்கும் வ.உ.சி. துறைமுகம்தான் ஞாபகம் வரும். இன்னைக்கு நாம பேசப்போறது வேற போர்ட்: நெட்வொர்க் ஸ்விட்ச்சில் கேபிள் செருகுற சின்ன ஓட்டை. பெரிய போர்ட்டுக்குப் போற சரக்கு பல இடத்துல இந்தச் சின்ன போர்ட்டை நம்பித்தான் நகருது.

ஒரு உதாரணம் வெச்சுக்குவோம். துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் யார்டு. ராத்திரி 11 மணி. எடைமேடை கம்ப்யூட்டர் சர்வரோட பேசலை. எடைச்சீட்டு வரலை, கேட்டுல லாரி வரிசை நீளுது. காத்திருக்குற ஒவ்வொரு மணி நேரமும் டிரைவருக்கு நஷ்டம். ஷிஃப்ட்டில் ஒரே ஒரு டெக்னீஷியன். போன்ல மேலதிகாரி சொல்றது, "ஸ்விட்ச்சை ரீஸ்டார்ட் பண்ணுப்பா."

நான் சொல்ல வர்றது: எடுத்த எடுப்பில் அதைச் செய்யாதீங்க. பல ஸ்விட்ச்சுகளில் லாக் தற்காலிக மெமரியில்தான் இருக்கும். பவரை எடுத்தா அதுவும் அழிஞ்சிடும். வேலை நடக்கலாம், ஆனா ஏன் நின்னுச்சுன்னு தெரியாது. நாளைக்கு ராத்திரி திரும்பவும் நிக்கும்.

அப்போ எங்கே ஆரம்பிக்கிறது? முதல்ல ரெண்டு கேள்வி. நின்னது ஒரு மெஷினா, ஒரு ஸ்விட்ச்சில் இருக்குற எல்லாமா, மொத்த யார்டுமா? கடைசியா யார் எதை மாத்தினாங்க? இந்த ரெண்டுலேயே தேட வேண்டிய இடம் பாதியாக் குறைஞ்சிடும்.

அடுத்து, அந்த போர்ட்டில் லைட்டைப் பாருங்க. எரியலைன்னா கேபிள் பக்கம் போங்க. நல்லா இருக்குன்னு உறுதியாத் தெரிஞ்ச ஒரு கேபிளைப் போட்டுப் பாருங்க, பிறகு போர்ட்டை மாத்திப் பாருங்க. நம்ம ஊர் உப்புக்காத்து பின்னுகளைச் சும்மா விடாது. பச்சை பூத்திருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. தாமிர கேபிளுக்கு 100 மீட்டர்தான் கணக்கு. யார்டு மாதிரி இடத்தில் அது சுலபமாத் தாண்டிடும். அங்கே ஃபைபர்தான் சரி.

லைட் எரியுது, ஆனாலும் பேசலை. பலர் குழம்புறது இங்கேதான். தூத்துக்குடி கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு கடைசியா 1961-ல் நடந்தது. கல்லைக் கட்டிக்கிட்டு ஒருத்தர் கீழே போவார், படகில் ஒருத்தர் கயிற்றைப் பிடிச்சிருப்பார். கயிறு கையில இருக்குறதால மட்டும் கீழே இருக்குறவரோட நிலைமை தெரியாது. அவர் இழுத்துக் காட்டணும். ஸ்விட்ச் லைட் அந்தக் கயிறு மாதிரி. பிங் போட்டு பதில் வந்தாத்தான் இழுப்பு வந்ததா அர்த்தம்.

பதில் வரலைன்னா போர்ட்டோட கவுன்ட்டரைப் பாருங்க. சிஆர்சி பிழை ஏறிக்கிட்டே இருந்தா கேபிள், கனெக்டர், பக்கத்தில் ஓடுற மோட்டார்னு சந்தேகப்படலாம். சின்ன பிங் போகுது, பெரிய ஃபைல் மட்டும் ஊர்ந்து போகுதுன்னா டூப்ளெக்ஸ் பாருங்க. பழைய 100 எம்பி கருவிகளில் ஒரு பக்கம் ஃபுல் டூப்ளெக்ஸ்னு நிரந்தரமா வெச்சு, மறுபக்கத்தை ஆட்டோவில் விட்டா, ஆட்டோ பக்கம் ஹாஃபுக்கு இறங்கிடும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெச்சாலே சரியாயிடும்.

கவுன்ட்டர் சுத்தமா இருக்கா? அப்போ விலான். ஒரே ஸ்விட்ச்சை உள்ளுக்குள்ள தனித்தனி அறையாப் பிரிக்கிற ஏற்பாடு அது. கேபிளை வேற அறையோட போர்ட்டில் மாத்திச் செருகினா லைட் ஜோரா எரியும், சர்வர் மட்டும் தெரியாது. கம்ப்யூட்டர் 169.254-ல் ஆரம்பிக்கிற ஐபி காட்டுதுன்னா, முகவரி கொடுக்குற டிஹெச்சிபி சர்வரை அது எட்டவே இல்லைன்னு புரிஞ்சுக்கலாம். அந்த மெஷினோட மேக் அட்ரஸ் ஸ்விட்ச் பட்டியலில், சரியான விலானில் இருக்கான்னு பாருங்க.

எல்லா லைட்டும் சேர்ந்து வெறி பிடிச்ச மாதிரி மின்னுது, மொத்த நெட்வொர்க்கும் படுத்துடுச்சுன்னா, அது பெரும்பாலும் லூப். யாரோ ஒரு கேபிளோட ரெண்டு முனையையும் ஸ்விட்ச்சிலேயே செருகியிருப்பாங்க. ஈதர்நெட் ஃப்ரேமுக்கு ஆயுள் எண்ணிக்கை கிடையாது, சுத்திக்கிட்டே இருக்கும். இதைத் தடுக்கத்தான் ரேடியா பெர்ல்மன் 1985-ல் ஸ்பானிங் ட்ரீயை உருவாக்கினார். அதுக்கும் எல்லை உண்டு. 2002 நவம்பரில் பாஸ்டனில் உள்ள பெத் இஸ்ரேல் டீகோனஸ் மருத்துவமனையில், ஸ்பானிங் ட்ரீ தாங்குற அளவைத் தாண்டி வளர்ந்த நெட்வொர்க் நாள்கணக்கில் முடங்கி, டாக்டர்கள் பேப்பருக்குத் திரும்ப வேண்டி வந்தது. லூப்பை ரீஸ்டார்ட் தீர்க்காது. செருகின கேபிள் அங்கேயேதானே இருக்கும்? ஸ்விட்ச்சுகளை இணைக்கிற கேபிளை ஒவ்வொண்ணாக் கழட்டி, எதைக் கழட்டினதும் அமைதியாகுதுன்னு பாருங்க.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். சரியாகலைன்னா பழையபடி வெச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க. செஞ்சதை நேரத்தோட எழுதுங்க. ரீஸ்டார்ட் பண்ணியே ஆகணும்னா, முதல்ல லாக்கையும் கவுன்ட்டரையும் காப்பி எடுத்துக்கோங்க. ரெண்டு நிமிஷ வேலை.

மேலதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. ராத்திரி தனியா நிக்கிற அந்தப் பையனுக்கு அந்த ரெண்டு நிமிஷத்தைக் கொடுங்க. லாரி வரிசை நாளைக்கும் நீளாம இருக்க அதுதான் வழி.

அடுத்த எபிசோடில் ஃபைபர் பத்திப் பேசுவோம்.