15 டாலரும் ஒரு ஜோடிப் பட்டுக் காலுறையும்

அமெரிக்க எழுத்தாளர் கேட் ஷோப்பன் எழுதி, 1897-இல் 'வோக்' இதழில் வெளியான 'ஒரு ஜோடிப் பட்டுக் காலுறை' என்ற சிறுகதையைப் பற்றி இன்று பேசுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புனைகதைகளில் தன் மனத்தைக் கண்டுகொண்ட பெண் அதற்குப் பெரும்பாலும் உயிரையே விலையாகக் கொடுத்தாள். ஃப்ளோபேரின் நாவல் நாயகி எம்மா நஞ்சு உண்டாள். டால்ஸ்டாயின் அன்னா ரயிலில் விழுந்தாள். ஷோப்பனின் திருமதி சாமர்ஸோ ஒரு பகல் பொழுதைக் கடைவீதியில் கழித்துவிட்டு டிராம் ஏறுகிறாள். இந்தச் சின்னச் சம்பவத்தில் அந்தப் பெரிய நாவல்களுக்கு நிகரான அறச்சிக்கல் இருக்கிறது என்பது என் வாதம்.

அவள் கைக்கு எதிர்பாராமல் 15 டாலர் வருகிறது. மகளுக்குக் கொஞ்சம் உசத்தியான ஷூ, பிள்ளைகளுக்குச் சட்டைத்துணி, பையன்களுக்குத் தொப்பி என்று ஓரிரு நாள் கணக்குப் போடுகிறாள். கடைக்கு வந்தவள், மதியம் சாப்பிட மறந்த களைப்பில் மேஜைமேல் கையை வைக்கிறாள். கையுறை இல்லாத அந்தக் கையில் வழவழப்பாக ஏதோ தட்டுப்படுகிறது. இரண்டரை டாலர் பட்டுக் காலுறையை 1 டாலர் 98 சென்ட்டுக்குக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள். வாங்கி, கடையின் பெண்கள் அறையிலேயே மாட்டிக்கொள்கிறாள். பிறகு புது ஷூ, கையுறை, இரண்டு பத்திரிகை, ஓட்டல் சாப்பாடு, நாடகம் என ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகிறது. தனக்கும் உரிமை உண்டு என்று அவள் எங்குமே வாதாடுவதில்லை. யோசிக்கும் வேலைக்கே அன்று ஓய்வு கொடுத்துவிடுகிறாள். பிறருக்காகவே உழைத்துத் தன்னை மறந்துபோனவளுக்குத் தான் இருப்பது முதலில் விரல்நுனியில்தான் உறைக்கிறது.

பிள்ளைகளுக்கு ஆக வேண்டியதைத் தாயே செலவழித்துவிட்டாளே, இதற்கு வக்காலத்தா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதை நம் கையில் கொடுத்தவரே ஷோப்பன்தான். பிள்ளைகளின் தேவைகளைத் தொடக்கத்திலேயே ஒவ்வொன்றாக அடுக்கிவிடுகிறார். மறைத்திருந்தால் அவளுக்கு அனுதாபம் சுலபமாகக் கிடைத்திருக்கும். தள்ளுபடி விலையில் மயங்கியதற்குச் சுயமறிதல் என்று பெயரா என்பது இன்னொரு மறுப்பு. கடையின் வசீகரத்துக்கு இதில் பங்கு உண்டு என்பது மெய்தான். ஆனால் அவள் வாங்கிய பத்திரிகைகள், முன்பு வசதியாக வாழ்ந்த நாட்களில் அவள் வழக்கமாகப் படித்த ரகம். அவளுக்குள் ஏற்கனவே இருந்து அடங்கிப்போன ஒருத்தியைத்தான் அந்தப் பட்டு எழுப்பிவிட்டது.

நாடகம் முடிந்து வீடு திரும்புகையில், வண்டி எங்குமே நிற்காமல் போகக்கூடாதா என்று ஏங்குகிறாள். கதை அதோடு முடிகிறது; வருந்தினாளா என்ற விவரம் இல்லை. ஷோப்பன் 1882-இல், 32 வயதில், ஆறு பிள்ளைகளோடு விதவையானவர். ஒரு தாயின் கையிலிருக்கும் காசை எத்தனை பேர் எதிர்பார்த்திருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. அவளைக் குற்றவாளி என்றால், அவளை அந்த நிலையில் வைத்த சமூகம் தப்பித்துக்கொள்ளும். தியாகி என்றால், பிள்ளைகளின் தேவை மறந்துபோகும். தாயின் கடமையும் நியாயம், அவள் ஆசையும் நியாயம். இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்ற நிலையில் ஒரு பெண்ணை நிறுத்துவதுதான் அநியாயம். அந்த அநியாயத்தை ஒரு வசைச்சொல்கூட இல்லாமல் காட்டியதே ஷோப்பனின் கலை.