ஒரே அச்சில் இரு சமயம்

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், முன்னேஸ்வரத்தில் சைவரும் சிங்கள பௌத்தரும் ஒருங்கே கைகூப்புகின்றனர்; தலவில அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்கு இந்துக்களும் செல்கின்றனர். இவ்விணக்கத்திற்கு வடகடல் நாடாகிய டென்மார்க்கிலும் ஒரு சான்றுண்டு. அங்கே ட்ரென்ட்கோர்டன் என்னுமிடத்திற் கிடைத்த, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மாக்கல் வார்ப்பச்சு ஒன்றில், கிறிஸ்துவின் சிலுவையும், இடித்தேவன் தோரின் சம்மட்டியும் அருகருகே குடையப்பட்டுள்ளன. புதிய மதத்தைத் தழுவியோரும் பழைய தெய்வத்தை விடாதோரும் ஒரே கம்மியனையே நாடியிருத்தல் வேண்டும்.

பின்னர் அப்பழஞ் சமயம் மறைந்தது. 1973ஆம் ஆண்டில் ஐஸ்லாந்து அரசு அதன் புத்துயிர்ப்பை முறைப்படி ஏற்றது. இன்று அச்சமயத்தார் சிலர் சம்மட்டியைத் தம் கையாலேயே மரத்திற் செதுக்கியும் உலோகத்தில் வார்த்தும் அணிகின்றனர். வழிபாடுகள் வேறாயினும், அவற்றிற்கு உருக்கொடுக்கும் கைக்குப் பகைமை இல்லை. முன்னேஸ்வரத்தார் நன்கறிந்த இவ்வுண்மையை அச்சிறு கல்லும் உரைக்கின்றது.