தேய்த்துக் குளிக்கும் சவர்க்காரம்



எங்கள் ஊர்க் கிணற்றடியை நினைக்குந்தோறும் வேலியோரப் பூவரசங் கிளையிலே தொங்கிய பீர்க்கம் நார்தான் என் கண்முன்னே வந்து நிற்கும். முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் தோலை உரித்து, விதையை உதிர்த்து, எஞ்சிய கூட்டை நீரில் ஊறவைத்து எடுத்த நார் அது. வெள்ளிக்கிழமை முழுக்கென்றால் பாட்டியார் ஒரு கையிலே பயற்றம் மாவும் மறு கையிலே அந்த நாருமாக எங்களைக் காத்திருப்பார். முதுகு சிவக்கத் தேய்த்து, துலாவால் அள்ளிய குளிர்ந்த நீரை ஊற்றும்போது, உடம்பிலிருந்து ஒரு சுமை இறங்கியது போலிருக்கும். அந்த நாரையும் மாவையும் ஒரே கட்டியில் அடக்கி, வீட்டிலேயே சவர்க்காரம் செய்துகொள்ளும் முறையைப் பற்றியே இன்று உங்களோடு சில வார்த்தை பேச விரும்புகின்றேன்.

தேய்த்துக் குளிப்பதனால் விளையும் நன்மை யாது? நமது தோலின் மேற்படை உயிரற்ற உயிரணுக்களாலானது. அடியிலிருந்து புதியன தோன்றி மேலே வர வர, பழையன உதிர்ந்துபோகின்றன. ஏறத்தாழ நான்கு கிழமைகளில் மேற்தோல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கின்றது. ஆயினும் முழங்கை, குதிக்கால், முழந்தாள் போன்ற இடங்களிலே பழைய படை எளிதில் உதிராது தங்கித் தடித்துவிடுகின்றது. அவ்விடங்களை மென்மையாகத் தேய்த்துக் கொடுத்தால் தோல் வழுவழுப்படையும். இதுவே பயன். தேய்த்தலால் நிறம் மாறும், நோய் தீரும் என்றெல்லாம் சொல்லப்படுவனவற்றை நம்பவேண்டியதில்லை.

இப்பயனை நாடி மக்கள் கடையிலே வாங்கிய பொருள்கள் சிலவற்றில், ஒரு காலத்திலே, கண்ணுக்கு எளிதில் தெரியாத பிளாஸ்திக் மணிகள் சேர்க்கப்பட்டிருந்தன. அவை குளித்த நீரோடு வடிகாலிற் சென்று, ஆற்றையும் கடலையும் அடைந்து, மீன்களின் வயிற்றிலே புகுந்தன. இதனை உணர்ந்து ஐக்கிய அமெரிக்கா 2015 ஆம் ஆண்டிலே அவற்றைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. பிரித்தானியாவிலே 2018 ஆம் ஆண்டிலே தடை நடைமுறைக்கு வந்தது. பிளாஸ்திக் மணி கடலிற் கலந்தால் என்னவாகும் என்பதை நாம் பிறர் சொல்லிக் கேட்கவேண்டியதில்லை. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னுங் கப்பல் கொழும்புக்கு அப்பாலுள்ள கடலிலே தீப்பற்றியபோது, வெண்மணல் போன்று கரையொதுங்கிய பிளாஸ்திக் மணிகளை நம் மேற்குக் கரையோர மக்கள் கூட்டி அள்ளியதை நாம் கண்டோமன்றோ? பயற்றம் மாவும் பீர்க்கம் நாரும் மண்ணிலே விழுந்தால் மண்ணோடு மண்ணாகிவிடும். பாட்டியாரின் கிணற்றடி வழக்கத்திலே இத்துணை அறிவு அடங்கியிருந்தது.

இனிச் சவர்க்காரத்தின் இயல்பைப் பார்ப்போம். அச்சொல்லிலேயே காரம் இருக்கின்றது. எண்ணெயும் காரமும் கூடிப் பிறக்கும் பிள்ளையே சவர்க்காரம். எண்ணெயைச் சோடியம் ஐதரொட்சைட்டு, அதாவது எரிசோடா, தாக்கும்போது ஒருபுறம் சவர்க்காரமும் மறுபுறம் கிளிசரினும் உண்டாகின்றன. கொழுப்புகளின் உள்ளமைப்பை ஆராய்ந்து இம்மாற்றத்தை விளக்கியவர் செவ்ரேல் என்னும் பிரெஞ்சு அறிஞர். அவருடைய நூல் 1823 ஆம் ஆண்டில் வெளிவந்தது. முறையாகச் செய்யப்பட்ட சவர்க்காரத்தில் எரிசோடா மிஞ்சியிராது, எல்லாம் மாறிப்போயிருக்கும். ஆனால் அளவு பிழைத்தாலோ, மிஞ்சிய காரம் தோலைச் சுட்டுவிடும். ஆதலால் இது கைப்பதம் பார்த்துச் செய்யும் சமையலன்று. தராசு பார்த்துச் செய்யும் வேலை.

நமது நாட்டிலே தெங்கு தருஞ் செல்வம் இவ்வேலைக்கு மிகவும் ஏற்றது. தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் கட்டியாக இறுகும், நன்றாக நுரைக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே நிலத்தடியிற் சுண்ணாம்புக்கல் பரந்து கிடப்பதால், கிணற்று நீரிற் கல்சியம் மிகுந்திருக்கின்றது. அக் கல்சியம் சவர்க்காரத்தோடு கூடி, நுரையைக் கெடுத்து, வாளியின் உள்விளிம்பிலே வெண்படலமாக ஒட்டிக்கொள்வதை இல்லத்தரசியர் அறிவர். தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரமோ இத்தகைய நீரிலும், உவர் நீரிலுங்கூட, ஓரளவு நுரைதரும். ஆயினும் தனித் தேங்காயெண்ணெய் தோலை வறளச் செய்யும். ஆகவே அதனோடு சிறிது நல்லெண்ணெய் கூட்டுதல் நன்று.

அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். தேங்காயெண்ணெய் 400 கிராம். நல்லெண்ணெய் 100 கிராம். தூய எரிசோடா 78 கிராம். நீர் 180 கிராம். நீரையும் எண்ணெயையும்கூட நிறுத்தே எடுக்கவேண்டும். 100 கிராம் தேங்காயெண்ணெய் முற்றாக மாறுதற்கு ஏறத்தாழ 18.3 கிராம் எரிசோடாவும், 100 கிராம் நல்லெண்ணெய்க்கு 13.4 கிராமும் வேண்டும். கூட்டிப் பார்த்தால் 86.6 கிராம் வரும். அதிற் பத்திலொரு பங்கைக் குறைத்தே 78 என்று சொன்னேன். அதனாற் சிறிது எண்ணெய் மாறாது எஞ்சி நின்று தோலுக்கு இதமளிக்கும். எண்ணெயின் வகையை மாற்றினால் எரிசோடாவின் அளவும் மாறும் என்பதை மறவாதீர்கள்.

மழைநீரோ, காய்ச்சி வடித்த நீரோ கிடைத்தால் அதனையே பயன்படுத்துங்கள். வடிகால் அடைப்பு நீக்குவதற்கென்று விற்கப்படும் கலவைத் தூள் இதற்கு ஆகாது; அதிலே வேறு பொருள்கள் சேர்ந்திருக்கும்.

இனி எச்சரிக்கை. இதனைத் தாய்மார் இருமுறை கேளுங்கள். எரிசோடா வெண்சீனி போலத் தோன்றும். நீரிற் கரைத்தால் தெளிந்த நீர் போலவே தோன்றும். பிள்ளைகள் இருக்கும் வீட்டிலே இதைவிட ஆபத்தான ஒற்றுமை வேறில்லை. குடிக்கும் போத்தலிலோ குவளையிலோ அதனை ஒரு கணமேனும் வைத்தலாகாது. பிள்ளைகள் பாடசாலைக்குச் சென்றிருக்கும் வேளையிலே, காற்றோட்டமான விறாந்தையில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து இவ்வேலையைச் செய்யவேண்டும். தோலிற் பட்டால் உடனே ஓடும் நீரிலே இருபது நிமிடமேனும் கழுவவேண்டும். தேசிக்காய்ச் சாற்றையோ வினாகிரியையோ பூசி நேரத்தைப் போக்கலாகாது. கண்ணிற் பட்டாலும், வாயிற் சென்றாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்க. விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்தல் கூடாது. உட்சென்றபோது சுட்ட காரம் திரும்பி வரும்போதும் சுடும்.

பாத்திரம் துருவேறா உருக்காக இருக்கலாம்; தடித்த பிளாஸ்திக்காகவும் இருக்கலாம். அலுமினியம் அறவே ஆகாது. எரிசோடா அலுமினியத்தை அரித்து ஐதரசன் வாயுவை எழுப்பும், அது தீப்பற்றக்கூடியது. சவர்க்காரத்துக்கென எடுத்த பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்பவும் எடுக்கவேண்டாம்.

முதலில் நீரைப் பாத்திரத்திலே ஊற்றி, அதனுள் எரிசோடாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்குங்கள். எரிசோடாவின்மேல் நீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். ஆகவே இந்த ஒழுங்கு மாறக்கூடாது. கரைசல் அடுப்பின்றியே கைபொறுக்காத சூடேறும். ஆவி மூக்கிற்படாது விலகி நில்லுங்கள். நாற்பது, நாற்பத்தைந்து பாகை அளவுக்கு அது ஆறியபின், அதேயளவு இளஞ்சூடேற்றிய எண்ணெயிலே மெல்ல ஊற்றிக் கிண்டத் தொடங்குங்கள். கையாற் கிண்டினால் அரைமணியும் ஆகலாம், ஒரு மணியும் ஆகலாம். ஒடியற் கூழ் தடிக்குமாப்போலக் கலவை மெல்லத் தடிக்கும். அகப்பையைத் தூக்கி ஒழுகவிட்டால், ஒழுகிய கோடு மேற்பரப்பிலே சிறிது நேரம் மறையாது நிற்கும். அதுவே பதம், தேய்க்கும் பொருளைச் சேர்க்கவேண்டிய தருணமும் அதுவே.

இவ்விடத்திலே எனக்கு நேர்ந்த தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். முதன்முறை நான் செய்தபோது, கரகரப்பு மிகுந்தால் நன்மையும் மிகும் என்றெண்ணி, கோப்பித்தூளை அரைகுறையாக இடித்துக் கைநிறைய அள்ளிப் போட்டேன். அதனோடு கல்லுப்பும் சேர்த்தேன். கட்டி பார்வைக்கு அழகாகவே இருந்தது. அதனைத் தேய்த்துக் குளித்த என் தங்கையின் கையிலே செங்கோடுகள் பல கிளம்பின. இரண்டு நாள் எரிவு தணியவில்லை. பாட்டியார் அக்கட்டியை வாங்கித் தடவிப் பார்த்து, "பிள்ளை, இது குளிக்கிற சவர்க்காரமோ, தேங்காய் திருவுகிற திருவலையோ?" என்று கேட்டார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டியும் இருக்கவில்லை.

அன்று தொட்டு நான் கைக்கொண்ட விதி இது: விரல்களுக்கிடையிலே தேய்த்தால் மணலாகக் குத்தாது, மாவாக வழுக்கவும் செய்யாது, இடைப்பட்டதாய் இருக்கவேண்டும். வறுக்காத பயற்றை அரைத்து அரித்தெடுத்த மா இரண்டு மேசைக்கரண்டி, நான் சொன்ன அளவுக்குப் போதும். அரிசி மாவின் மெல்லிய குறுணியும் நன்று. வடித்து நன்றாகக் காயவைத்த கோப்பித்தூளாயின் ஒரு மேசைக்கரண்டி போதும். சிரட்டைத் தூளும், பழக்கொட்டைத் தூளும் கூரிய விளிம்புடையன, அவற்றை விலக்குக. சேர்ப்பது எதுவாயினும் உலர்ந்ததாக இருத்தல் வேண்டும். பச்சை மஞ்சளும், தேங்காய்ப் பூவும், ஈர இலையும் கட்டிக்குள்ளே பழுதுபட்டுப்போகும். தேசிக்காய்ச் சாறு காரத்தோடு கூடி அதன் வலுவைக் குறைத்து அளவைக் குலைக்கும். மணம் வேண்டுமாயின் உலர்ந்த தோலை நுண்ணிதாக இடித்துச் சிறிது சேர்க்கலாம்.

பீர்க்கம் நாரைப் பயன்படுத்துவோர், அதனை விரற்கடை அகலத்துக்கு வட்டமாக அரிந்து, பழைய ஐஸ்கிறீம் பெட்டியின் அடியிலே பரப்பி, அதன்மேற் கலவையை ஊற்றவேண்டும். நாரின் கண்களுக்குள்ளே கலவை இறங்கும்படி பெட்டியை மெல்லத் தட்டிவிடுக. ஒவ்வொரு கட்டியிலும் ஒரு நார்வளையம் அமைந்துவிடும். சவர்க்காரம் கரையக் கரைய நார் வெளிப்பட்டுத் தேய்த்துக்கொடுக்கும்.

ஊற்றிய பெட்டியைத் துணியால் மூடி, பிள்ளைகள் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். தேங்காயெண்ணெய் மிகுந்த கட்டி விரைவிலே இறுகும். ஏறக்குறையப் பன்னிரண்டு மணி நேரத்தின் பின் பார்த்து, உறுதிப்பட்டிருந்தால் கையுறையோடு வெட்டிவிடவேண்டும். ஒரு நாளுக்குமேல் விட்டால் கத்தி பட்டதும் நொருங்கும். வெட்டிய துண்டுகளை ஒன்றோடொன்று முட்டாது, காற்றுப்படும் நிழலிலே நான்கு முதல் ஆறு கிழமை வரை அடுக்கிவைக்கவேண்டும். அதற்குள் ஈரம் வற்றி, கட்டி உரமேறி, தோலுக்கு மென்மையாகும். உள்ளே வெண்மணிகளோ நீர்த்திட்டுகளோ காணப்பட்டால் எரிசோடா சரியாகக் கலக்கவில்லை என்பது பொருள். அதனை உடம்புக்கு எடுக்கவேண்டாம்.

எரிசோடாவைக் கையாள அஞ்சுவோர்க்கும், கைக்குழந்தை உள்ள வீட்டார்க்கும் வேறொரு வழி உண்டு. மணமும் நிறமும் குறைந்த குளியற் சவர்க்காரக் கட்டியொன்றை வாங்கித் துருவி, சில கரண்டி நீர் தெளித்து, கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்த கிண்ணத்தில் இளக்குங்கள். அது களிபோலாகும்போது பயற்றம் மாவையோ நாரையோ சேர்த்து அச்சிலே அழுத்தி, ஒரு கிழமை உலரவிடுங்கள். வழவழப்புக் குறைவாயினும் பயனிலே குறைவில்லை, ஆபத்தும் இல்லை. முதன்முறை செய்வோர் இதிலே தொடங்குதல் அறிவுடைமை.

பயன்படுத்தும் முறையையும் சொல்லிவிடுகின்றேன். கிழமையில் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை போதும். முகத்துக்கும், புண்ணுக்கும், சொறி சிரங்கு உள்ள இடத்துக்கும், குழந்தையின் மேனிக்கும் வேண்டாம். நீரிழிவுள்ளோர் பாதங்களைத் தேய்த்தலாகாது. சிறு கீறலும் அவர்களுக்குப் பெரும் புண்ணாகலாம். நார் உள்ள கட்டியை ஒருவர்க்கொன்றாக வைத்துக்கொள்ளுதல் நன்று; ஈரநார் தோல்நோயை ஒருவரிடமிருந்து இன்னொருவர்க்குக் கடத்தவல்லது. குளித்தபின் அதனைச் சாய்த்துவைத்து உலரவிடுங்கள்.

நேயர்களே, 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே, ஒரு சவர்க்காரக் கட்டி வாங்குவதற்குப் பலமுறை எண்ணிப் பார்த்த குடும்பங்கள் எத்தனையோ. அந்நாளிலேதான் நானும் பாட்டியாரின் நாரை மீண்டும் தேடினேன். வேலியிலே ஒரு பீர்க்கங்கொடி படரவிட்டாற் பாதிப் பொருள் வாயிலுக்கே வந்துவிடும். எஞ்சியது அளவும் அவதானமும் பொறுமையுமே. இவை மூன்றும் நம் வீடுகளிலே குறைவில்லையாதலால், முயன்று பாருங்கள் எனக் கேட்டு விடைபெறுகின்றேன்.