உப்புப்பாலம் முதல் மின்கடத்தும் ஜெல் வரை

(எமது சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், 1993ஆம் ஆண்டு உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவியர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

நாங்கள் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் மின்கடத்தும் பல்பகுதிய ஜெல். பெயரைக் கேட்டு எவரும் அஞ்ச வேண்டாம். அதன் முதற் பாடத்தை இதே கல்லூரியின் ஆய்வுகூடத்தில் கரண்டியால் கிண்டித்தான் படித்தோம்.

நாங்கள் உயர்தரம் படித்த காலத்தில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட நாட்கள் அவை. அந்த நாட்களில்தான் தானியல் கலம் அமைக்கும் செய்முறை வந்தது. ஒரு முகவையில் நாக சல்பேற்றும் நாகத்தகடும், மற்றதில் செப்புச் சல்பேற்றும் செப்புத்தகடும். இரண்டையும் இணைக்க உப்புப்பாலம் வேண்டும். கடற்பாசி என்று நாம் இனிப்புச் செய்கிறோமே, அதே அகரை மண்ணெண்ணெய் அடுப்பில் நீருடன் காய்ச்சி, பொற்றாசியம் குளோரைட்டைக் கரைத்து, வளைந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி இறுகவிட்டோம்.

எங்களில் ஒரு குழு உப்பைப் போட மறந்துவிட்டது. அவர்களுடைய பாலமும் பார்வைக்கு மற்றவற்றைப் போலவே இறுகியிருந்தது. கல்வனோமானியின் முள்ளோ அசைந்ததாகவே தெரியவில்லை. ஆசிரியை ஏசவில்லை. இரண்டு பாலங்களையும் அருகருகே வைத்து, வித்தியாசத்தை எங்களையே சொல்லச் சொன்னார். அகர் மின்னைக் கடத்துவதில்லை, அது நீரைப் பிடித்துவைக்கும் வலை, அந்த நீரில் நடமாடும் அயன்களே மின்னைக் காவிச் செல்கின்றன என்பது அன்றுதான் விளங்கியது.

ஜெல் என்பது இதுதான். நீண்ட பல்பகுதியச் சங்கிலிகள் பிணைந்து வலையாகின்றன. வலைக்குள் நீர் அகப்பட்டிருக்கிறது. எமது பாலத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் அகர். இத்தகைய நீர்கொண்ட ஜெல் உடம்போடு ஒத்துப்போகும் என்று காட்டியவர்களுள் முக்கியமானவர் செக் நாட்டு இரசாயனவியலாளர் ஒற்றோ விக்டர்லே. 1961 நத்தார் காலத்தில், பிள்ளைகளின் விளையாட்டுப் பொறித்தொகுதியையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு, வீட்டிலேயே மென்மையான தொடுவில்லைகளை வார்த்தெடுத்தார். டைனமோவின் அருமை அறிந்த எங்களுக்கு இக்கதை மிகவும் பிடிக்கும்.

எமது நரம்பும் இதயமும் சோடியம், பொற்றாசியம் போன்ற அயன்களின் அசைவால் சைகை அனுப்புகின்றன. கருவியின் கம்பியிலோ ஓடுவது இலத்திரன். இரண்டுக்கும் இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. ஈ.சி.ஜி. எடுக்கும்போது நெஞ்சில் ஒட்டும் வில்லையில் குளிர்ச்சியாகப் படுவது உப்புக் கலந்த ஜெல். அதை அடுத்துள்ள வெள்ளி - வெள்ளிக் குளோரைட்டுப் படையில் அயன் ஓட்டம் இலத்திரன் ஓட்டமாக மாறுகிறது. ஜெல் உலர்ந்துவிட்டால் வரைபு கிறுக்கலாகிவிடும். எங்களில் ஒருத்தி தன் தாயாரின் கட்டிலருகே அப்படியொரு வரைபைப் பார்த்துப் பதறிப்போனாள். வில்லையை மாற்றியதும் வரைபு சீராயிற்று. உப்பு மறந்த பாலம் அன்று அவளுக்கு நினைவில் வந்ததாம்.

இனி இலத்திரன் பக்கம். பிளாஸ்ரிக் என்றால் காவலி என்றுதான் படித்தோம். ஆனால் 1977இல் ஹிடெக்கி ஷிரகாவா, அலன் மக்டயார்மிட், அலன் ஹீகர் ஆகியோர், பொலிஅசற்றலீன் படலத்தை அயடீனால் ஒட்சியேற்றியபோது அதன் கடத்தாறு கோடி மடங்கு வரை உயர்ந்ததைக் கண்டனர். ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டைப் பிணைப்புகள் உள்ள சங்கிலியில் சில இலத்திரன்களை அகற்றினால், மற்றவை நகர வழி பிறக்கிறது. இதற்காக 2000ஆம் ஆண்டு இரசாயனவியல் நோபெல் பரிசு மூவருக்கும் கிடைத்தது. அந்தப் படலம் முதன்முதலில் ஷிரகாவாவின் ஆய்வுகூடத்தில் கிடைத்ததும், ஊக்கியை ஆயிரம் மடங்கு கூடுதலாகப் போட்ட ஒரு தவறினால்தான். தவறிலிருந்து படித்தவர்கள் நாங்கள் மட்டுமல்லர்.

அயன் நடமாடும் நீரும், இலத்திரன் ஓடும் சங்கிலியும் ஒரே வலையில் அமைந்தால் அதுவே இலத்திரனையும் கடத்தும் ஜெல். இது ஏன் வேண்டும்? மூளையில் வைக்கும் சிலிக்கன் மின்வாய், மூளை இழையத்தைவிடக் கோடிக்கணக்கான மடங்கு விறைப்பானது. காலப்போக்கில் அதைச் சுற்றித் தழும்பு படர்ந்து சைகை மங்குகிறது. மென்மையான ஜெல் அந்த உராய்வைக் குறைக்கக்கூடும். சிக்கல் என்னவென்றால், நன்றாகக் கடத்தும் பல்பகுதியங்கள் பொதுவாக நொருங்கக்கூடியவை; நன்றாக நீர் ஏற்பவையோ கடத்துவது குறைவு. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், பெடொட்:பிஎஸ்எஸ் என்னும் பல்பகுதியத்தைப் பதமாக உலர்த்தி மீண்டும் நீரில் ஊறவைத்து, கடல்நீரைவிடப் பல நூறு மடங்கு கடத்தும் ஜெல்லைப் பெற்றனர். செப்போடு ஒப்பிட்டால் அது பல்லாயிரத்தில் ஒரு பங்குதான். ஆயினும் நரம்பின் மெல்லிய சைகைக்கு அது பயன்படும்.

தோலில் ஒட்டும் உணரிகள், செயற்கைக் கைகள், நரம்புத் தூண்டிகள் ஆகியவற்றுக்காக இவ்வகை ஜெல்களை ஆய்வுசெய்து வருகிறார்கள். அயன் கடத்தும் ஜெல்களை வைத்துச் சூரியக்கலங்கள் செய்யும் ஆய்வு எமது நாட்டிலும் நடந்திருக்கிறது. ஆனால் உலர்ந்துபோதல், உடம்புக்குள் ஊதிப்போதல், ஆண்டுக்கணக்கில் நிலைத்திராமை ஆகிய தடைகள் இன்னும் உள்ளன. எனவே நாளைக்கே வைத்தியசாலையில் கிடைக்கும் என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். இன்றைய பிள்ளைகள் பலர் செய்முறைகளை ரியூசன் குறிப்புகளில் மனப்பாடம் செய்கிறார்கள். விடை சரியாக இருக்கும். முள் அசைவதைப் பார்த்திருக்கமாட்டார்கள். எமது வகுப்பு, தவணைக்கு ஒரு சனிக்கிழமை ஆய்வுகூடத்துக்கு வந்து பிள்ளைகளோடு நின்று செய்முறை செய்வதென்று தீர்மானித்திருக்கிறது. வெளிநாட்டில் இருப்போர் அகரும் இரசாயனப் பொருட்களும் வாங்க உதவலாம். அவற்றின் செலவு பெரிதல்ல. முதல் நாளில் இரண்டு பாலங்கள் செய்வோம். ஒன்றில் வேண்டுமென்றே உப்புப் போடமாட்டோம்.