கதிர் என்றொரு சொல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



நான் கவிஞன் அல்லன். இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆயினும், பத்தாண்டுகளாகச் சொல்லைப் போற்றிவரும் இந்த அவையிடம் ஒரு சொல்லுக்காக வழக்காட வந்திருக்கிறேன்.

என் பெரியம்மாவுக்குக் கருப்பை வாயில் புற்றுநோய் கண்டு, மருத்துவர்கள் ஐந்து வாரக் கதிர்வீச்சுச் சிகிச்சை வேண்டும் என்றார்கள். நம் பக்கத்தில் அதற்குப் பெயர் ‘கரண்டு வைப்பது’. “கரண்டு வெச்சா உடம்பு கருகிப் போயிராதா சாமி?” என்று என்னிடம் கேட்டார். நான் சிரித்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். எட்டு நாள் சென்றவர் ஒன்பதாம் நாள் பேருந்து ஏற மறுத்துவிட்டார். மறு ஆண்டுப் பொங்கலுக்கு அவர் இல்லை. பாடம் சொல்லியே பிழைத்த நான், சொல்ல வேண்டியவரிடம் சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: வெளியிலிருந்து கதிர் செலுத்தும்போது உடலில் மின்சாரம் பாய்வதில்லை; அந்நேரத்தில் வலியும் இல்லை. பின்னர் அயர்வு வரலாம், தோல் கறுக்கலாம். நாள்தோறும் சிறு அளவாகப் பிரித்துக் கொடுப்பதற்கும் காரணம் உண்டு. இடைப்பட்ட பொழுதில் நல்ல செல்கள் தம்மைச் செப்பனிட்டுக்கொள்ளும். புற்றுச் செல்களால் அந்த அளவுக்கு இயலாது. நடுவில் நிறுத்தினால் புற்று மீண்டும் தழைக்கும்.

கதிரை ஏவுமுன் கட்டி இருக்குமிடம் தெரிய வேண்டும். நம் சங்ககிரி மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் சாலையில் வருபவன் காண்பது ஒரு வடிவம். திருச்செங்கோட்டிலிருந்து வருபவன் காண்பது வேறொன்று. எல்லாத் திசைக் காட்சிகளையும் சேர்த்தால்தான் மலை முழுமையாகும். உடலை ஊடுருவிய எக்ஸ் கதிர் தரும் நிழல்களும் அத்தகையவையே. அவற்றை அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவிட்டால் உருவம் மங்கிப்போகும். ஒவ்வொரு நிழலையும் முதலில் ஒரு கணக்கினால் திருத்தி, அண்டைப் பகுதியின் சாயலைக் கழித்துப் பிறகு சேர்த்தால் உருவம் தெளியும்.

அந்தக் கணக்கை எளிமையாக்கி 1971இல் வெளியிட்டவர்கள் ஜி.என். இராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1954இல், கொல்லாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பை உலகுக்குச் சொன்ன அதே இராமச்சந்திரன்தான். அந்த 1971ஆம் ஆண்டிலேயே இலண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. 1979ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் உரியதாயிற்று. ஆனால் பின்வந்த சி.டி. ஸ்கேன் கருவிகளில் பல்லாண்டுகள் ஓடியது இராமச்சந்திரன் வழிப்பட்ட கணக்கே. இன்று அந்தப் படத்தை வைத்தே எந்தத் திசையில், எவ்வளவு கதிர் என்று வகுக்கிறார்கள். நல்ல உறுப்புகளை இயன்றவரை காக்கிறார்கள்.

தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. ஐம்பதுகளிலேயே கனடாவிலிருந்து கோபால்ட் கருவி அங்கு வந்து சேர்ந்தது. 1955இல் அங்கே பணியேற்ற மருத்துவர் சாந்தா, 2021இல் மறையும்வரை அந்த வளாகமே வீடாக வாழ்ந்தார். நோயோடு மட்டுமா போராடினார்? மக்களின் அச்சத்தோடும் போராடினார்.

கணக்கு வந்துவிட்டது, கருவி வந்துவிட்டது, கைதேர்ந்த மருத்துவர்களும் வந்துவிட்டார்கள். சொல் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை, கவிஞர்களே! ‘கரண்டு’ என்றதும் அறுந்து விழுந்த கம்பி நினைவுக்கு வருகிறது. ‘கதிர்’ என்றால்? விடியற்காலை வெயிலும் கதிர். நம் காட்டில் முற்றித் தலைசாயும் சோளமும் கதிர். என் பெரியம்மா ஆயுள் முழுதும் அறுத்த கதிர் அது. “கரண்டு இல்லை பெரியம்மா, கதிர்” என்று அன்று நான் சொல்லியிருந்தால், ஒன்பதாம் நாளும் அவர் பேருந்து ஏறியிருக்கலாம்.

உங்களிடம் ஒரு பாட்டும் கேட்கவில்லை. உங்கள் தெருவில் ஒரு தாய் அஞ்சி நின்றால், அருகே அமர்ந்து அந்த ஒரு சொல்லைச் சொல்லுங்கள்.