கேட்டறிந்து கொடுப்போம்



நகரத்து அரசுப் பள்ளிக்கு நாம் உதவ விரும்பினால், அங்குள்ள தேவையை அறிந்தவர் யார்? நாள்தோறும் வகுப்பில் நிற்கும் ஆசிரியரே அல்லவா?

நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், அரசுப் பள்ளியொன்றில் வரலாறு கற்பித்த சார்லஸ் பெஸ்ட் என்பவர் 2000-ஆம் ஆண்டில் ‘டோனர்ஸ்சூஸ்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். ஆசிரியர்கள் தம் கைப்பணத்தில் வகுப்புப் பொருள்கள் வாங்கி வந்த நிலையே அதற்குக் காரணம். இந்த அமைப்பில் ஆசிரியர் தம் வகுப்புக்கு வேண்டியதை எழுதிக் கேட்கிறார். கொடுப்போர் ஒரு வேண்டுகோளைத் தேர்ந்து, இயன்றதைத் தருகின்றனர். பலருடைய சிறு தொகைகள் சேர்ந்து தேவை நிறைவுறுகிறது. பணமாக அன்றி, கேட்ட பொருளாகவே அது பள்ளிக்கு வந்து சேர்கிறது. ஆகவே ஐயத்துக்கு இடமில்லை. 2018-இல் ஒரு நிறுவனம் 2 கோடியே 90 லட்சம் டாலர் அளித்து, காத்திருந்த 35,000-க்கும் மேற்பட்ட வேண்டுகோள்களை ஒருசேர நிறைவேற்றியது.

வகுப்பு கேட்பது ஒரு பெட்டி நூல்கள் என்றால், நம் பெயர் பொறித்த சுவர்க் கடிகாரத்தைக் கொடுப்பதால் என்ன பயன்? அதேவேளை, கட்டடமும் ஆசிரியர் நியமனமும் அரசின் கடமை. அவற்றைக் கேட்டுப் பெறும் உரிமையை நம் கொடை மழுங்கச் செய்துவிடக் கூடாது. கேட்டறிந்து கொடுப்போம், கொடுத்தபின்னும் உரிமையைக் கேட்போம்.