கருத்துக் கேட்பா? கண் துடைப்பா?

(கிராம விளக்கக் கூட்டத்தில் பேசியது)



பொண்ணு கேட்டு வர்றவங்ககூட மாப்பிள்ளைக்கு என்ன வேலை, குடும்பம் எப்படின்னு சொல்லிட்டுத்தான் சம்மதம் கேட்பாங்க. நம் நிலத்தடியில் குழாய் பதிக்கவும், பக்கத்தில் ஆலை கட்டவும் வருகிற கம்பெனிக்காரனோ முடிவை முதலில் எடுத்துவிட்டு, நம்மை அப்புறம் கேட்கிறான்!

முன்பு ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பந்தல், சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் தயார். முன்வரிசை முழுக்க வேனில் வந்திறங்கிய வெளியூர் ஆட்கள். வாசலில் ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். "வந்ததுக்கு அடையாளம்"னு சொன்னாங்க. பிறகு அதையே "சம்மதம்" என்று காட்டினார்கள். அதில் என் கையெழுத்தும் இருக்கு. அந்த வலி இன்னும் ஆறல.

கருத்துக் கேட்பு யாரும் போடுகிற பிச்சை அல்ல. 2006-ல் மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்வது: கூட்டத்தை நடத்த வேண்டியது கம்பெனி அல்ல, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மக்களுக்கு 30 நாள் அவகாசம் தர வேண்டும். அறிக்கைச் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். நடப்பது முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். நாம் பேசியதன் சுருக்கத்தைக் கடைசியில் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும்.

ஒன்றை மறக்காதீங்க. அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. இத்தனை பேர் வரணும்னு கணக்கும் கிடையாது. நாம வீட்ல உக்காந்தாலும் கூட்டம் நடந்துடும். பதிவேட்டில் ஏறுவதைத்தான் நிபுணர் குழு பார்க்கும். கம்பெனி அதற்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

நேர்மையாகக் கேட்டால் என்ன நடக்கும்? ஒடிசா நியமகிரி மலையில் பாக்சைட் வெட்ட வந்தார்கள். வன உரிமைச் சட்டப்படி கிராம சபைகளைக் கேட்கச் சொல்லி 2013-ல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. 12 கிராம சபைகளும் "முடியாது" என்றன. 2014 ஜனவரியில் மத்திய அரசு அனுமதியை மறுத்தது.

அதனால், வர்ற கூட்டத்துக்கு எல்லாரும் வாங்க. உங்க கிணறு, போர், சர்வே நம்பர் போட்டு ஆளுக்கொரு மனு எழுதிட்டு வாங்க. கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்க. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீங்க. வாசித்துக் காட்டும் வரை ஒருத்தரும் எழுந்திரிக்கக் கூடாது.

கேட்பவன் நேர்மையாகக் கேட்கட்டும்! நாம் துணிந்து சொல்வோம்!